வாரா வாரம் வெளிய போக எந்த வழி தாங்கும்? அஞ்சு வழியும் என் முடிவும்

போன வருஷம் கேலண்டர்ல சனிக்கிழமை சனிக்கிழமையா "வெளிய" அப்படின்னு பச்சைக் கலர்ல போட்டு வெச்சிருந்தேன், வருஷக் கடைசில உக்காந்து எண்ணிப் பாத்தா 30க்கு மேல குறிச்சதுல போனது 6 தான். மத்ததெல்லாம் என்ன ஆச்சுன்னு ஒண்ணொண்ணா யோசிச்சேன். ரெண்டு மூணு தடவை மழை, ஒரு தடவை காய்ச்சல், அதெல்லாம் சரி. மீதி எல்லாத்தையும் "நேரம் இல்ல"ன்னு சொல்லித்தான் விட்டிருக்கேன், ஆனா அந்த சனிக்கிழமைகள்ல நான் ஆபீஸ் வேலை பாக்கல, வீட்லயேதான் இருந்திருக்கேன், மத்தியானம் தூங்கியிருக்கேன், போனைப் பாத்துட்டு இருந்திருக்கேன். அப்ப நேரம் இருந்திருக்கு. வெளிய போறதுக்குன்னு நான் பண்ணி வெச்ச ஏற்பாடு ஒரு சின்ன இடி பட்டாக்கூட உடைஞ்சு போற ஏற்பாடா இருந்திருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

அதனால இந்த வருஷம் வேற மாதிரி பாத்தேன். எங்க போறது எப்படி ரசிக்கிறதுங்கறத தள்ளி வெச்சுட்டு, வேலை இருக்கற ஒரு ஆள் எந்த முறைல போனா அது மாசக்கணக்குல தாங்கும்னு ஒவ்வொண்ணா போய்ப் பாத்து ஒப்பிட்டேன். தினமும் கொஞ்ச நேரம், வாரம் ஒரு அரை நாள், மாசம் ஒரு பெரிய ட்ரிப், இருக்கற வேலையோடயே ஒட்டிக்கிறது, ஆளுங்களோட சேந்து போறது. இந்த அஞ்சுதான் நம்மள மாதிரி ஆளுங்க முன்னாடி இருக்கற வழி, மத்ததெல்லாம் இதோட கலவைதான்.

வழிகளுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இது தெரியாம நான் ரொம்ப நாள் தப்பா யோசிச்சுட்டு இருந்தேன். எவ்வளவு நேரம் வெளிய இருந்தா போதும்? இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட கேட்டு, எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 120 நிமிஷம் இல்ல அதுக்கு மேல பூங்கா, காடு, கடற்கரை மாதிரி இடத்துல இருந்தவங்க, போகவே போகாதவங்கள விட தங்களோட உடம்பும் மனசும் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, 200லேர்ந்து 300 நிமிஷம் வரைக்கும் அந்தப் பலன் ஏறிட்டுப் போய் அதுக்கப்புறம் நின்னுடுது. வீட்டுத் தோட்டத்துல இருக்கறத அவங்க கணக்குல சேக்கல. இது அவங்கவங்க சொன்னத வெச்சு எடுத்தது, வெளிய போனதாலதான் நல்லா ஆச்சுன்னு இத வெச்சு அடிச்சு சொல்ல முடியாது, நல்லா இருக்கறவங்கதான் வெளிய போறாங்கன்னும் இருக்கலாம். ஆனா அதுல எனக்குப் பெருசாப் பட்டது இன்னொண்ணு. அந்த 120 நிமிஷத்த ஒரே தடவையா எடுத்தாலும் பிச்சுப் பிச்சு எடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியலங்கறாங்க.

இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு யோசிச்சுப் பாருங்க. வாரத்துல 10,080 நிமிஷம் இருக்கு, அதுல 120 நிமிஷம்னா நூத்துல ஒண்ணே கால் பங்குகூட இல்ல. அத எப்படிப் பிரிச்சாலும் சரின்னா, "எது ரொம்ப நல்ல அவுட்டிங்"ங்கற கேள்விக்கு அவசியமே இல்ல, "எது என் வாழ்க்கைல கேன்சல் ஆகாம நிக்கும்"ங்கறதுதான் கேள்வி. அதனால நான் ஒவ்வொரு வழியையும் மூணே மூணு விஷயத்த வெச்சுத்தான் எடை போட்டேன். கிளம்பறதுக்கு எவ்வளவு நேரம் பிடிக்குது, ஒரு தடவை தவறிப் போனா எவ்வளவு நஷ்டம், நான் போறதுக்கு எத்தனை பேர் சரின்னு சொல்லணும்.

முதல்ல தினமும் கொஞ்ச நேரம் போறது. 20, 25 நிமிஷம். கிளம்ப செருப்ப மாட்டினா போதும், யார்கிட்டயும் கேக்க வேண்டியது இல்ல, ஒரு நாள் விட்டா 25 நிமிஷம்தான் போகுது நாளைக்கு இருக்கு. எடை போட்டா இதுதான் எல்லாத்துலயும் ஜெயிக்குது. 25 நிமிஷம்லாம் ஒரு அவுட்டிங்கா, அது சும்மா தெருவச் சுத்தறதுதானேன்னு நானும் நெனச்சேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 36 நகரவாசிகள வெச்சு 8 வாரம் ஒரு சோதனை பண்ணாங்க, 2019லயே வந்தது அதுவும். வாரத்துக்கு மூணு தடவையாவது, குறைஞ்சது 10 நிமிஷம், இயற்கை இருக்கற எடத்துல போய் இருக்கணும், போன் கூடாது, யார்கூடயும் பேசக்கூடாது, படிக்கக்கூடாது, ஓடறது மாதிரி உடற்பயிற்சியும் கூடாது. எச்சில்ல கார்ட்டிசோல் அளந்து பாத்தாங்க, அதாவது மன அழுத்தத்துல உடம்புல ஏறற ஹார்மோன். 20லேர்ந்து 30 நிமிஷம் இருக்கும்போதுதான் அது வேகமா இறங்குது, அதுக்கு மேல இருந்தாலும் இறங்குது ஆனா மெதுவாத்தான். அப்ப 25 நிமிஷம் வீண் இல்ல, கொடுக்கற நேரத்துக்கு கெடைக்கற பலன்னு பாத்தா அதுதான் நல்ல அளவு.

இதுல எந்த நேரம்ங்கறது தனிக் கேள்வி, நான் காலை, மதியம், சாயங்காலம் மூணையும் தனித்தனியா சில வாரம் பண்ணிப் பாத்தேன். காலைல போறது யாரும் தொடாத நேரம், மீட்டிங் வராது, போன் வராது, அதோட காலை வெளிச்சம் நம்ம உடம்புக் கடிகாரத்த முன்னாடி இழுத்து வெக்குது, ராத்திரி தூக்கம் சீக்கிரம் வருது. மேகம் மூடின நாள்லகூட வெளிய ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்த அளக்கற அலகு) வெளிச்சம் இருக்கும், ஆபீஸுக்குள்ள 300, 500 தான் இருக்கும், நல்ல வெயில்னா வெளிய ஒரு லட்சம் வரைக்கும் போகும். நம்ம கண்ணு பழகிக்கறதால உள்ளயும் வெளிச்சமா இருக்கற மாதிரிதான் தோணும், உடம்புக்கு அப்படி இல்ல. ஆனா காலை நேரம் ஜெயிக்கறதும் தோக்கறதும் முந்தின நாள் ராத்திரிலதான், 12 மணிக்குப் படுத்துட்டு காலைல போகணும்னா ரெண்டாவது வாரமே நின்னுடும், சின்னக் குழந்தை இருக்கற வீட்ல காலை நேரம்னு ஒண்ணே கிடையாது. மதியம் லன்ச் பிரேக்ல போறது எனக்கு ரொம்பப் பிடிச்சது, நாள் நடுவுல ஒரு கோடு கிழிச்ச மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேல தலை தெளிவா இருந்துச்சு. அங்கயும் மிச்சிகன்லதான் 2008ல ஒரு சோதனை, ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா மரங்கள் நிறைஞ்ச பாதைல நடந்துட்டு வந்தவங்க நம்பர்களத் திருப்பி ஒப்பிக்கற டெஸ்ட்டுல நல்லா பண்ணாங்க, பரபரப்பான ரோட்டுல நடந்தவங்களுக்கு அந்த அளவு இல்ல. குளிர்காலத்துல நடந்து ரசிக்காம வந்தவங்களுக்குக்கூட அந்தப் பலன் கெடைச்சிருக்குங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். அதாவது நல்ல மூட்ல போனாத்தான் உண்டுன்னு இல்ல, மூடு இல்லாத அன்னைக்கும் போலாம். மதியத்துக்கு எதிரி வெயில், வெயில்ல புற ஊதாக் கதிர் எவ்வளவுன்னு சொல்ற புற ஊதாக் குறியீடு 3ஐத் தொட்டாலே தொப்பி, நிழல்னு பாத்துக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நடுப்பகல்ல அது பல எடத்துல 3 என்ன 10கூடத் தாண்டும். அதனால மதியம்ங்கறது குளிர் ஊர்க்காரங்களுக்கு வரம், வெயில் ஊர்ல நிழல் பாதை இருந்தா மட்டும்.

சாயங்காலம்தான் எல்லாரும் முதல்ல தேர்ந்தெடுக்கறது, எனக்கு அதுதான் அதிகமா உடைஞ்சுது. கடைசி மீட்டிங் இழுத்தா போச்சு, வீட்டுக்கு வந்து உக்காந்தா போச்சு. அந்த உக்கார்றதுதான் விஷயமே. வீட்டுக்குள்ள நுழைஞ்சு டிரெஸ் மாத்தி சோபால சாஞ்சுட்டா அதுக்கப்புறம் எழுந்து போறதுக்கு வேண்டிய பலம் காலைல எழுந்திரிக்கறத விட அதிகம். நான் என்ன பண்ணேன்னா வீட்டுக்குள்ள போகாமலே போனேன், வேலை முடிஞ்சு வர்ற வழில பைய முதுகுல மாட்டிட்டே 25 நிமிஷம் போய்ட்டு அப்புறம்தான் வீடு. அப்படிப் பண்ணின வாரங்கள்ல தவறினது ரொம்பக் கம்மி. வீட்லேர்ந்தே வேலை பாக்கறவங்க லேப்டாப் மூடின கையோட வாசலத் தாண்டிடணும், நடுவுல எதுவும் வெச்சுக்கக் கூடாது.

தினசரி வழில குறை என்னன்னா, அது ஆழமாப் போகாது. 25 நிமிஷத்துல வேலை நெனப்பு அடங்கறதுக்குள்ளயே திரும்பற எடம் வந்துடும். ஒரே பாதைல ஒரு மாசம் போனா கண்ணு பாக்கறத நிறுத்திடும், கால் மட்டும் போகும். தூரத்துல இருக்கற மலை, ஆறு, காடு இதெல்லாம் இதுல வரவே வராது. அந்தப் பசி வேற, இது ஆத்தறது வேற.

ரெண்டாவது வாரம் ஒரு அரை நாள். 3 மணி நேரம், 4 மணி நேரம். இதுல கெடைக்கற அமைதி தினசரி நடைல கெடைக்காது, இத நான் முழு மனசா சொல்றேன். முதல் ஒரு மணி நேரம் தலைக்குள்ள வாரத்தோட பாக்கி எல்லாம் ஓடும், அதுக்கப்புறம் ஒரு எடத்துல அது தானா நின்னுடும், பறவைச் சத்தம் கேக்க ஆரம்பிக்கும், அது அதுவரைக்கும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கும் நாமதான் கேக்கல. உடம்புக்கும் இது போதுமான்னு கேட்டா, 2023ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட 90,000 பேர் கைல அளக்கற கருவியக் கட்டி எடுத்த தகவல வெச்சு ஒரு ஆய்வு வந்தது, வாரத்துக்கு 150 நிமிஷம் இல்ல அதுக்கு மேல உடல் உழைப்பு பண்ணி, அதுல பாதியையோ அதுக்கு மேலயோ ஒண்ணு ரெண்டு நாள்லயே முடிச்சவங்களுக்கும் வாரம் பூரா பரப்பிப் பண்ணவங்களுக்கும் இதய நோய் ஆபத்து கொறைஞ்சது ஏறக்குறைய ஒரே அளவுதான்.

அப்புறம் ஏன் நான் போன வருஷம் 24 தடவைக்கு மேல போகல? இந்த வழிய எடை போட்டா தெரியும். ஒரு தடவை தவறினா அந்த வாரம் சைபர், ரெண்டு தடவை தவறினா அரை மாசம் சைபர், மூணாவது வாரம் நம்மளே "சரி அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு விட்டுடுவோம். வாரம் பூரா தள்ளிப் போட்ட துவைக்கிறது, வாங்கறது, ரிப்பேர் பாக்கறது, சொந்தக்காரங்க, எல்லாம் அதே ரெண்டு நாள்லதான் வந்து உக்காந்துக்கும். போதாக்குறைக்கு நாம போடற நேரக் கணக்கே தப்பு. மனவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979லயே இதுக்குத் தனியா ஒரு பேர் வெச்சாங்க, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கணிக்கும்போது மனுஷன் எப்பவும் நல்லபடியா நடக்கறதாவே கணக்குப் போடறான்னு. பின்னாடி 1994ல வந்த ஒரு ஆய்வுல ஆய்வேடு எழுதற மாணவர்கள் சராசரியா 34 நாள்ல முடிச்சுடுவோம்னு சொன்னாங்க, ஆனது 55 நாளுக்கு மேல. நாமளும் அப்படித்தான், "ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்"னு வீட்ல சொல்லிட்டு அஞ்சு மணி நேரம் கழிச்சு வந்து நிப்போம், அடுத்த வாரம் கேக்கும்போது முகம் மாறும்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது, புரிய ரொம்ப நாள் ஆச்சு. வீட்ல இருக்கறவங்களுக்கு நாம போறதுல வருத்தம் இல்ல, எப்ப வருவோம்னு தெரியாம இருக்கறதுலதான் வருத்தம். அன்னைக்கு நாள அவங்களால எதையும் வெச்சு யோசிக்க முடியல, நம்ம வரவுக்காக எல்லாமே நின்னுட்டு இருக்கு. அதுக்கப்புறம் நான் போற நேரத்தச் சொல்றத நிறுத்திட்டு திரும்பற நேரத்த மட்டும் சொல்ல ஆரம்பிச்சேன். "பத்தரைக்கு வீட்ல இருப்பேன்" அப்படின்னு. அதக் காப்பாத்தணும்னா கணக்கு சரியா இருக்கணும், அதுக்கு பழைய வழி ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல சொன்னது, இப்ப கிலோமீட்டர்ல சொன்னா 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் பாதை, 300 மீட்டர் ஏத்தம்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம், அதுவும் நிக்காம நடந்தா. உக்கார்றது, படம் எடுக்கறது, குழந்தை கேள்வி கேக்கறது எல்லாம் இதுல இல்ல, அதுக்கு நான் பாதிக்குப் பாதி சேத்துக்கறேன். போய்ச் சேர்ற பயண நேரத்தையும் தனியா எழுதிக்கணும், பயணம் வெளிய இருக்கறத விட அதிகமா ஆகுதுன்னா அந்த எடம் வாரா வாரத்துக்கு ஒத்து வராது.

சனியா ஞாயிறான்னும் கேப்பாங்க. ரெண்டுல எதுன்னாலும் காலைல முதல் வேலையா போறதுதான் தாங்குது, "எல்லாத்தையும் முடிச்சுட்டு சாயங்காலம் போலாம்"னு வெச்ச ஒரு அரை நாள்கூட எனக்கு நடக்கல, ஏன்னா வேலை முடியறதுன்னு ஒண்ணு இல்ல.

மூணாவது, மாசம் ஒரு பெரிய ட்ரிப். நாள் பூரா, இல்ல ஒரு ராத்திரி தங்கறது. இதப் பத்தி நான் கொஞ்சமாத்தான் சொல்லப் போறேன், ஏன்னா இத ஆதாரமா வெச்சு ஒரு பழக்கத்தக் கட்ட முடியாது. கிளம்பவே ரெண்டு நாள் ஏற்பாடு, லீவு, வண்டி, தங்கற எடம், பேக்கிங், நாலு பேர் சம்மதம், ஒரு தடவை தவறினா ரெண்டு மாசம் இடைவெளி. என் எடைல மூணுலயும் கீழ. ஆனா மனசுல நிக்கற நாள்னு எடுத்தா இதுலதான் நெறைய, ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி விளக்கே இல்லாத எடத்துல வானத்தப் பாத்தது இன்னைக்கும் கண்ணுலயே இருக்கு. அது வேணும். தப்பு எங்க வரும்னா, "மாசம் ஒரு தடவை பெருசா போறோம்ல, தினமும் எதுக்கு"ன்னு நெனைக்கறதுல. அப்படி நெனச்ச வருஷத்துல ரெண்டும் இல்லாமப் போகும்.

நாலாவது, இருக்கற வேலையோடயே ஒட்டிக்கிறது. ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கறது, கடைக்கு வண்டி எடுக்காமப் போறது, போன் காலை நடந்துட்டே பேசறது, பிள்ளைகளக் கூட்டிட்டுப் போற நேரத்த மைதானத்துல செலவு பண்றது. இதுல புது நேரமே வேண்டாம், அதான் இதோட பலம். கேன்சல் ஆகவே ஆகாது, ஏன்னா கடைக்குப் போய்த்தான் ஆகணும். ஆனா எல்லாத்தையும் ஒரே தட்டுல வெக்கக் கூடாதுன்னு நெனைக்கறேன். ஆபீஸ் கால் பேசிட்டு நடக்கறது கால்களுக்கு நல்லது, ஆனா காது, மனசு ரெண்டும் ஆபீஸ்லயே இருக்கு, முன்னாடி சொன்ன 36 பேர் சோதனைல போனும் பேச்சும் கூடாதுன்னு வெச்சது சும்மா இல்ல. நான் அத நடைன்னு எழுதிக்குவேன், அவுட்டிங்னு எழுத மாட்டேன். சொந்த ஆளுங்களோட மனசு விட்டுப் பேசற கால் வேற, அது கணக்குல வரும்.

பிள்ளைங்க விஷயத்துல இந்த வழி மத்த எல்லாத்தையும் விட ஒசத்தி. சீனாவுல குவாங்சோ நகரத்துல 12 பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்கள வெச்சு மூணு வருஷம் பாத்தாங்க, பாதிப் பள்ளிக்கூடத்துல தினமும் கூடுதலா 40 நிமிஷம் வெளிய வகுப்பு, மீதில வழக்கம் போல. மூணு வருஷம் கழிச்சு கிட்டப்பார்வை வந்தது வெளிய போன பிள்ளைங்கள்ல 30.4 சதவீதம், போகாத பிள்ளைங்கள்ல 39.5 சதவீதம், 2015ல வெளியாச்சு. 40 நிமிஷம்தான், அதுவும் பள்ளிக்கூட நாள்ல மட்டும். அப்ப பிள்ளைய மைதானத்துல விட்டுட்டு நீங்க வண்டில உக்காந்து மெயில் பாக்கற அந்த நேரம் இருக்கே, இறங்கி அவங்களோட ஓரமா நடந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல முடியுது. தனியா ஒரு நிமிஷம்கூட எடுக்க வேண்டியது இல்ல.

அஞ்சாவது ஆளுங்களோட சேந்து போறது. என் ஸ்நேகிதன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சே முக்காலுக்கு கீழ வந்து நின்னு போன் பண்ணுவான், "இறங்குடா, நின்னுட்டிருக்கேன்"னு. அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னாடி எந்த அலாரமும் நிக்காது. தனியா இருந்தா நமக்கு நாமே சொன்ன வாக்க லேசா மீறிடுவோம், ஒருத்தன் குளிர்ல நின்னுட்டு இருக்கான்னா மீற மனசு வராது. அதனால இந்த வழிய நான் மூணு மாசம் ரொம்ப நம்பினேன். அப்புறம் அவனுக்கு ஷிஃப்ட் மாறுச்சு, நானும் அன்னையோட நின்னுட்டேன். அஞ்சு வாரம். அவன் வரலங்கறதுக்காக நான் ஏன் போகலன்னு இப்பவும் என்னால பதில் சொல்ல முடியல.

ஆறேழு பேர் குரூப்னா இன்னும் கஷ்டம், எல்லாருக்கும் ஒத்து வர்ற நாள் தேடியே மெசேஜ் ஓடும், கடைசில மூணு பேர் வரலன்னா மீதி நாலு பேரும் விட்டுடுவாங்க. நடத்தறவங்கன்னு ஒருத்தர் நாளும் நேரமும் மாத்தாம வெச்சுட்டு, வர்றவங்க வரட்டும்னு போற குரூப்தான் தாங்கும். ரெண்டு பேர் போதும், ஆனா முதல் நாளே பேசி வெச்சுக்கணும், ஒருத்தர் வரலன்னாலும் மத்தவர் போவார்னு. பெண்கள் நிறைய பேருக்கு தனியா ஒதுக்குப்புறமான பாதைல போறது யோசனையா இருக்கும், அது நியாயமான யோசனை, அவங்களுக்கு கூட ஆள் இருக்கறது வசதிங்கறத விட அவசியம், அப்ப இந்த வழிக்கு நான் சொன்ன குறையெல்லாம் தாண்டி மார்க் போடணும்.

இப்ப என் முடிவு. ஒரே வழிதான் எடுக்கணும்னா தினசரி சின்ன நடை, யோசிக்காம அதையே எடுங்க. ஆனா ஒண்ணுதான்னு யாரும் கட்டாயப்படுத்தல, அதனால நான் வெச்சிருக்கறது கலவை. வாரத்துல மூணு நாள் 25 நிமிஷம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டரை மணி நேரம். கூட்டிப் பாத்தா ரெண்டு வாரத்துல 300 நிமிஷம், வாரத்துக்கு 150. ஏன் தினமும்னு வெக்கலன்னா, தினமும்னு வெச்சா ஒரு நாள் தவறினதும் தோத்த மாதிரி ஆகிடுது எனக்கு, மூணு நாள்னு வெச்சா செவ்வாய் போகலன்னா புதன் இருக்கு. ஏன் வாரா வாரம் அரை நாள் வெக்கலன்னா, ஒரு வார இறுதி வீட்டுக்கு ஒரு வார இறுதி வெளிய அப்படின்னு பிரிச்சதுல வீட்லயும் ஒத்துக்கிட்டாங்க எனக்கும் குத்த உணர்ச்சி இல்ல. அரை நாள் தவறிப் போனாக்கூட அந்த வாரம் 75 நிமிஷம் கைல இருக்கு, சைபர்ங்கறது வரவே வராது, நான் இந்தக் கலவையத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணமே இதுதான். மாச ட்ரிப் வந்தா சந்தோஷம், வராட்டா எதுவும் உடையாது.

எல்லாருக்கும் இதே ஒத்து வராது. ஷிஃப்ட் வேலைல இருக்கறவங்க மணிக் கணக்க விட்டுடுங்க, "காலை ஆறு மணி"ன்னு வெச்சா ராத்திரி ஷிஃப்ட் வாரத்துல செத்துடும், "எழுந்து முகம் கழுவினதும்"னு ஒரு செயலோட கட்டி வெச்சா எந்த ஷிஃப்ட்லயும் வேலை செய்யும். இன்னது நடந்தா இன்னது பண்ணுவேன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி வெக்கறதப் பத்தி பீட்டர் கோல்விட்சர்ங்கற மனவியல் அறிஞர் 1990கள்லேர்ந்தே ஆராய்ஞ்சு எழுதியிருக்கார், சும்மா "போகணும்"னு நெனைக்கறத விட அது செயலாகற வாய்ப்பு நல்லா கூடுது. படுக்கைல இருக்கற பெரியவங்களையோ கைக்குழந்தையையோ பாத்துக்கறவங்களுக்கு பிரச்சனை நேரம் இல்ல, அவங்க போற நேரத்துல அங்க யார் இருக்கறதுங்கறதுதான். அவங்ககிட்ட "உனக்காக நேரம் ஒதுக்கு"ன்னு சொல்றது கொடுமை, கூட இருக்கறவங்க "செவ்வாயும் வெள்ளியும் ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க"ன்னு நாளும் நேரமும் சொல்லணும். நாள் சொல்லாத உதவி இந்த விஷயத்துல உதவியே ஆகாது. நடக்க முடியாதவங்க நடக்கணும்னும் இல்ல, அந்த 36 பேர் சோதனைல உக்காந்திருந்தாலும் கணக்குதான், ஒரு மரத்தடி பெஞ்ச் போதும்.

எவ்வளவு நாள்ல பழகும்னா, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேர வெச்சுப் பாத்ததுல ஒரு செயல் தானா நடக்கற பழக்கமா மாற நடுமட்டமா 66 நாள் ஆச்சு, ஆனா ஆளுக்கு ஆள் 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டதால பழக்கம் கெட்டுப் போகலன்னும் அதுல இருக்கு. எனக்கு மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் தள்ளிக்கிட்டுத்தான் போனேன்.

மழைக்கு மட்டும் தனியா ஒரு முடிவு எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா அன்னைக்கு வானத்தப் பாத்து முடிவெடுத்தா எப்பவும் வேண்டாம்னுதான் வரும். தூறல்னா போறேன், ஒரு ரெயின்கோட் வாசல்லயே தொங்குது. இடி கேட்டா போறதில்ல, வெளிய இருந்தா உள்ள வந்துடறேன், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகாம திரும்ப எறங்கறதில்ல, அதுல விளையாட்டு கெடையாது. பருவம் மாறும்போது நேரமும் மாறணும், கோடைல காலைக்கும், பொழுது சீக்கிரம் சாயற மாசங்கள்ல மதியத்துக்கும் நான் மாத்திக்கறேன், வருஷம் பூரா ஒரே நேரம்னு பிடிவாதமா இருந்தப்பதான் ரெண்டு தடவை மொத்தமா நின்னுச்சு.

இந்த வாரம் செவ்வாய் இடி, போகல. புதன் 25 நிமிஷம், வெள்ளி 30. சனி வீட்டுக்கு. அடுத்த ஞாயிறு என்னோட முறை, எட்டரைக்குத் திரும்பிடுவேன்னு வீட்ல சொல்லியாச்சு, ஸ்நேகிதனுக்கு இந்த மாசம் பகல் ஷிஃப்ட், வர்றேன்னு சொல்லியிருக்கான். வரலன்னா தனியாப் போறேன்.